முதல் தடவை பார்க்கிறவர்

பூட்டுக்காரருக்குப் பொறாமை வேளாவேளைக்கு வரும், பசி மாதிரி. பக்கத்து நகல் கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றுவிட்டால் இவருக்கு வயிறு எரியும். அதற்கடுத்த செருப்புக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்தபோது ஒரு வாரம் தலையைக் குனிந்தபடியே கடைக்கு வந்து போனார். தெரிந்தவர் யாராவது மெலிந்திருந்தால் பொறாமை. குண்டாகியிருந்தால், வேளைக்குச் சாப்பிடுகிறான் பார் என்று அதற்கும் பொறாமை. இதையெல்லாம் அவரே ஒப்புக்கொள்வார். "என்ன பண்றது, கூடவே பொறந்தது" என்பார். கெட்ட மனுஷர் இல்லை. யார்மேல் பொறாமைப்பட்டாரோ அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர்கள் சாவியைத் தொலைத்துக்கொண்டு வந்து நின்றால் உடனே வெட்டிக் கொடுப்பார். கொடுக்கும்போது அவர்களுக்கு இன்னொரு வீடும் இருப்பது தெரியவந்தால், அன்றைக்குத் தூக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. மொத்தமாக ஒரு பொறாமை அவரிடம் பதினொரு வருஷமாக இருந்தது. அது மனைவியின் சிரிப்பைப் பற்றியது.

அவர் மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கிறவள். வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஊசியக்கா. கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "அந்தக் காலண்டரைப் பாருங்க, இந்த மாசம் எத்தனை லீவுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்பாள். எண்ணி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். காலை ஆறரைக்குப் போனால் மதியம் இரண்டுக்கு வீடு. வீட்டில் சிரித்த முகம்தான், அதற்குக் குறைவில்லை. ஆனால் அவளிடம் வேறொரு சிரிப்பு இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, கடைசியில் சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. அது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும். வந்தால் ஃபோனில் வரும். அந்தப் பக்கம் பேசுகிறவன் நெட்டை.

நெட்டை அவளுடைய அத்தை மகன். ஆறடிக்கு மேலே இரண்டு விரற்கடை. அவனுக்கும் கல்யாணமாகி இரட்டைப் பெண்குழந்தைகள். வெளியூரில் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. முறைப்படி பார்த்தால் அவன் பூட்டுக்காரருக்குத் தம்பி ஆக வேண்டும். 'தம்பி' என்று கூப்பிட இவருக்கு நாக்கு புரளவில்லை. "என்ன சார், சௌக்கியமா?" என்பார். அவனோ வாய் நிறைய "அண்ணா" என்பான். அவளை மட்டும் 'குள்ளி' என்பான். பதினொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தனக்கு அவளைக் கூப்பிட ஒரு பட்டப்பெயர் வாய்க்கவில்லையே என்பது பூட்டுக்காரருடைய தனிக்குறை. ஒருமுறை முயன்று பார்த்தார். "யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பதெல்லாம் 'தேன்கூடு' பற்றித்தான். தேன்கூடு ஒரு சினிமா. ஒன்றில்லை, ஐந்து பாகம். தேன் எடுக்கிறவர்கள் போடுகிற வலைத்தொப்பியும் வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டு ஒருத்தன் வருவான். முகம் தெரியாது. கையில் தேனடை அறுக்கிற நீளக் கத்தி. ஒவ்வொருத்தராகத் தீர்த்துக்கட்டுவான். கடைசியில் யாராவது அந்த வலையை விலக்கும்போது, நாம் நல்லவர் என்று நம்பியிருந்த ஒருத்தர் உள்ளே இருப்பார். பாகத்துக்குப் பாகம் ஆள் மாறும். ஐந்தையும் ஊசியக்காவும் நெட்டையும் படிக்கிற வயதில் ஒன்றாகப் பார்த்தவர்கள். ஐந்தாவதும் வந்து போய், அதற்கும் மூன்று வருஷம் கழித்துத்தான் பூட்டுக்காரர் அவள் வாழ்க்கையில் வந்தார். கச்சேரி முடிந்தபிறகு வந்தவர் கதிதான்.

கல்யாணமான முதல் வருஷம் அவள் ஆசையாக முதல் பாகத்தைப் போட்டாள். விளக்கை அணைத்துவிட்டு இவர் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் ஜன்னலில் வலைத்தொப்பி தெரிந்தது. பூட்டுக்காரர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார். அவருக்கு இரத்தம் ஆகாது. அரம் கீறி விரலில் ஒரு சொட்டு வந்தாலே நாற்காலி தேடுகிற ஆள். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் சொன்னது, "இந்தக் கண்றாவியை எப்படித்தான் பார்க்கிறியோ." அவள் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. கூப்பிடாததற்கும் சேர்த்து இவர் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடை எட்டடி அகலம். சுவர் நிறைய ஆணிகளில் வெட்டாத சாவிகள் தொங்கும். முன்னால் சாவி வெட்டுகிற மெஷின், பக்கத்தில் அரங்கள், பித்தளைத் தூளைத் தட்டுவதற்கு ஒரு பழைய பல் பிரஷ். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் கடைத்தெருவுக்கே கேட்கும். பாதி வேலை கடையில், பாதி வேலை ஊரார் வாசலில். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் கூப்பிட்டால் போய், படியில் குந்தி, பூட்டோடு பேசாத குறையாக நெம்பித் திறப்பார். திறந்ததும் அவரிடம் ஒரு வழக்கம். கதவை ஒரு விரலால் லேசாகத் தள்ளிவிட்டு, உடனே தெருப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். வீட்டுக்காரர் உள்ளே போய் விளக்கைப் போட்டு, "சரிங்க, வாங்க" என்று சொன்ன பிறகுதான் திரும்புவார். பூட்டியிருந்த வீட்டின் முதல் பார்வை வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்பது அவர் கட்சி. யாரும் சொல்லித் தந்ததில்லை, அவராக வைத்துக்கொண்டது. ஊரில் அவருக்கு நல்ல பெயர் என்றால் அது கை வாங்கித் தந்ததைவிட முதுகு வாங்கித் தந்ததுதான் அதிகம்.

இப்படி இருக்கையில், பதினாலு வருஷத்துக்குப் பிறகு தேன்கூடு மறுபடியும் வருகிறது என்று செய்தி வந்தது. ஆறாம் பாகம் என்று எண் போடவில்லை. வெறுமனே 'தேன்கூடு'. ஊசியக்கா ஆளே மாறிப்போனாள். படத்தின் முன்னோட்டத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம். பரிசோதனைக் கூடத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஊசியைக் காட்டி மிரட்டினாள். "வலைக்குள்ள யாருன்னு நானே கண்டுபிடிக்கணும். அஞ்சு தடவையும் தோத்தாச்சு, இந்தத் தடவை விடறதில்லை" என்று பாத்திரம் கழுவும்போது தனக்குள்ளேயே பேசிக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்து நெட்டைக்கு இந்த ஊரில் இரண்டு வாரம் பயிற்சி வகுப்பு. கேட்க வேண்டுமா? ஃபோனில் அந்தச் சிரிப்பு தினம் வர ஆரம்பித்தது.

"ஞாயித்துக்கிழமை மதியம் ஷோவுக்கு நானும் நெட்டையும் போறோங்க. சாப்பாடு மூடி வெச்சிட்டுப் போறேன்" என்றாள்.

"நானும் வர்றேன்" என்றார் பூட்டுக்காரர்.

அவள் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்களா? அதுல ரத்தமெல்லாம் வருமேங்க."

"வரட்டும். நீ தினம் பார்க்கலையா? நான் ஒரு நாள் பார்த்தா என்ன?"

"முன்னாடி வந்தது எதுவும் நீங்க பார்க்கலையே. ஒண்ணும் புரியாதே."

"புரியாட்டி என்ன? எனக்கும் சேர்த்து நீங்க ரெண்டு பேரும் சிரிங்க" என்றார். சொல்லும்போதே குரலில் காரம் தெரிந்துவிட்டது. அவள் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் பூட்டுக்காரர் முதல் வேலையாக நடு இருக்கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க ஓரமா உட்காருங்களேன், நாங்க பேசிட்டே இருப்போம், உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்" என்றான் நெட்டை. "ஒரு தொந்தரவும் இல்லை சார்" என்று நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்தார். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் நெட்டை. அவர்கள் பேச்சை இதனால் நிறுத்த முடிந்ததா என்றால், இல்லை. இவருக்கு முன்னால் குனிந்து பேசினார்கள், பின்னால் சாய்ந்து பேசினார்கள், சோளப்பொரி டப்பா இவர் மடி வழியாகப் போய் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தபோது நெட்டையின் முழங்கை இவர் விலாவில் இடித்தது. சுவராக இருக்கலாம் என்று வந்தவர் கைப்பிடிச் சுவராகிப் போனார்.

படம் ஆரம்பித்தது. ஐந்து நண்பர்கள். அவர்களும் தேன்கூடு ரசிகர்கள். வருஷா வருஷம் ஒரு வீட்டில் கூடிப் பழைய ஐந்து பாகங்களையும் பார்ப்பார்களாம். இந்த வருஷம் கதாநாயகியின் வீடு. அவளுடைய புருஷன் மட்டும் ஒரு பாகமும் பார்க்காதவன். தட்டு நீட்டுவதும் தண்ணீர் கொண்டுவருவதுமாக இருந்தான். அந்த வீட்டுக்குள் நிஜமாகவே ஒரு வலைத்தொப்பி வந்துவிடுகிறது. பழைய பாகங்களில் எப்படி எப்படிச் செத்தார்களோ அப்படி அப்படி இவர்களைக் கொல்கிறது. இவர்களுக்கோ அத்தனையும் மனப்பாடம். "ரெண்டாவது சாவு எப்பவும் சமையலறையிலதான்டா" என்று ஒருத்தன் சமையலறையிலிருந்து எழுந்து கூடத்துக்கு ஓடுவான். கூடத்தில் செத்துப்போவான். இன்னொருத்தி அவன் உடலைப் பார்த்துவிட்டு, "புது டைரக்டர் போல இருக்கு" என்பாள். சிரிப்பில் தியேட்டரே இடிந்து விழுந்தது. ஊசியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போய்த் தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்தச் சிரிப்பு, இத்தனை கிட்டத்தில்! ஆனால் அவள் சிரித்துக்கொண்டே பார்த்தது இவரைத் தாண்டி அந்தப் பக்கத்தை.

பூட்டுக்காரர் கைக்குட்டையை நெற்றியில் வைத்து, வியர்வை துடைக்கிற பாவனையில் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். இரத்தம் பாதி, எரிச்சல் பாதி. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. கதாநாயகியின் புருஷனிடம் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, "படம் பார்க்காத ஜென்மங்களுக்காகச் சொல்றேன்" என்று திரையிலிருந்து நேராக ஜனங்களைப் பார்த்துச் சொன்னாள். நானூறு பேர் சிரித்தார்கள். இவருக்கு மட்டும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அவள் தொடர்ந்தாள்: "முதல் பாகத்துல அந்த வலைக்குள்ள இருந்தது யாரு தெரியுமா?"

அந்தக் கணத்தில் ஊசியக்கா பாய்ந்து இவர் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திவிட்டாள். திரையில் உதடு அசைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகுதான் கையை எடுத்தாள்.

"என்ன இது?" என்றார்.

"ஒண்ணுமில்லை, பாருங்க" என்றாள்.

பூட்டுக்காரருக்கு முகம் சுட்டது. ஊருக்கே சொல்கிற ரகசியம், கட்டின புருஷன் காதுக்கு மட்டும் ஆகாதாமே! நெட்டைக்குத் தெரியலாம், முன்வரிசையில் பொரியைக் கொட்டிக்கொண்டிருக்கிற தடியனுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா? இடைவேளையில் அவர் தனியாக ஒரு தூண் ஓரம் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் இருவரும் விரலை மடக்கி ஆளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "வாயைத் திறக்காதே நெட்டை. நீ நினைக்கிறதை உனக்குள்ளேயே வெச்சுக்கோ. நானே கண்டுபிடிக்கிறேன்" என்று அவள் சொன்னது கேட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பூட்டுக்காரர் கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அது நடந்தது. கதாநாயகியின் புருஷன் முன்பாதியிலேயே தொடையில் கத்திக்குத்து வாங்கி, கட்டுப் போட்டு மாடியில் படுத்திருந்தான். கீழே வலைத்தொப்பி ஒருத்தியைச் சமையலறைக்குள் துரத்தியது. விளக்கு அணைந்தது. எரிந்தபோது அவள் தரையில் கிடந்தாள். வலைத்தொப்பியைக் காணோம். "பின்பக்கமா ஓடிட்டான்!" என்று கத்திக்கொண்டு மிச்சமிருந்தவர்கள் வாசல் வழியாக வெளியே ஓடினார்கள். காமிரா பின்கதவை ஒரே ஒரு நொடி காட்டிவிட்டுப் போனது.

ஒரு நொடி மற்றவர்களுக்குத்தான். பூட்டுக்காரருக்கு அது ஒரு மணிநேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் காட்ட வேண்டிய ரகத் தாழ்ப்பாள். அது உள்பக்கம் போட்டிருந்தது. பின்பக்கமாக வெளியே ஓடினவன் உள்பக்கம் எப்படித் தாழ் போடுவான்? அவன் வெளியே போகவே இல்லை. வீட்டுக்குள்தான் இருக்கிறான். வீட்டுக்குள் உயிரோடு இருக்கிற மற்ற ஆள் யார்? மாடியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறவன் ஒருத்தன்தான்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. நெட்டை இவர் மூக்குக்கு முன்னால் குனிந்து, "குள்ளி, வேலி ஓரமா எட்டிப் பார்த்தானே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான், நீ வேணா பாரு" என்றான். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே, யோசனையாகத் தலையை ஆட்டினாள். நெட்டை சொன்னதற்குத் தலையை ஆட்டுகிறாள்! இத்தனை வருஷத்தில் முதல் முறையாக நெட்டைக்குத் தெரியாத ஒன்று தேன்கூட்டில் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை எப்படி அடக்குவது? ஊர்க் கதவுக்கெல்லாம் பூட்டுப் போட்டவருக்குத் தன் வாய்க்கு ஒன்று போட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரனாவது மண்ணாங்கட்டியாவது! உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு, கண்ணு தெரியலையா? அவன் வெளியே போகவே இல்லை. புருஷன்தான்! மாடியில படுத்திருக்கானே, அவன்தான் ஆளு!"

மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். படத்தில் அப்போது பார்த்து ஒரு சத்தமும் இல்லை. தியேட்டர் முழுக்கக் கேட்டது. "யோவ்!" என்றது ஒரு வரிசை. "அட நாசமாப் போக" என்றது இன்னொன்று. முன்வரிசைத் தடியன் எழுந்து நின்றே திரும்பிப் பார்த்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல்கூட மழைக்காலம் பார்த்துத்தான் கத்தும்.

பூட்டுக்காரர் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினார். அவள் நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். கை மடியில் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கால் மணிநேரம் படம் ஓடியது. ஜனங்கள் அலற வேண்டிய இடங்களில் யாரும் அலறவில்லை. கடைசியில் கதாநாயகி வலையை விலக்கினாள். புருஷன்தான். ஒரு கட்டும் இல்லாமல் நேராக நின்றுகொண்டு அவன் பேசினான்: "வருஷா வருஷம் கூடுவீங்க. ஏதோ ஒண்ணு சொல்லுவீங்க, அஞ்சு பேரும் சிரிப்பீங்க. நான் தட்டைப் பிடிச்சிட்டு நிப்பேன். எனக்கும் யாராவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் சொல்லலை." பூட்டுக்காரர் கைக்குட்டையை இறக்கினார். அவன் கத்தியைத்தான் அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேச்சில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் நெட்டை அவர் முதுகில் ஓங்கித் தட்டினான். "அண்ணா! ஒரு பாகம்கூடப் பார்க்காம கண்டுபிடிச்சிட்டீங்களே! பெரிய ஆளுண்ணா நீங்க!" அவன் மனசார மெச்சினான். அது இன்னும் கொடுமையாக இருந்தது. ஊசியக்கா, காலையில் படித்த செய்தியைச் சாயங்காலம் மறுபடி கேட்கிறவள் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டை பஸ் ஏறிப் போனான். இவர்கள் இருவரும் நடந்தார்கள். நாலு தெரு. வாசலில் நின்று பூட்டுக்காரர் தன் வீட்டுப் பூட்டைத் திறக்க மூன்று தடவை சாவியை மாற்றிப் போட்டார். கதவு திறந்ததும் பழக்கத்தில் தெருப்பக்கம் திரும்பிவிட்டார். அப்போதுதான் அவள் பேசினாள்.

"ஊரான் வீட்டுக் கதவைத் திறந்தா முதுகைக் காட்டிட்டு நிக்கிறீங்க. அவங்க பார்க்கணும்னு. என் கதவுல மட்டும் ஏங்க முன்னாடி புகுந்தீங்க?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். "சரிங்க, வாங்க" என்று சொல்லவில்லை. பூட்டுக்காரர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

அடுத்து வந்த நாட்களில் சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. 'உப்பு போதுமா', 'போதும்' என்பதோடு சரி. மூன்றாம் நாள் அவர் தியேட்டருக்குப் போய் மறுபடி இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். மெல்ல மேஜைமேல் வைத்தார். "நீயும் உங்க நெட்டையும் போயிட்டு வாங்க. நான் வரலை."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். "இன்னொரு தடவை பார்க்கலாங்க. முதல் தடவை பார்க்க முடியாது" என்றாள். "பதினாலு வருஷம் காத்திருந்தேன். நெட்டைக்காக இல்லை, படத்துக்காகக்கூட இல்லை. ரெண்டு மணிநேரம் ஒண்ணும் தெரியாம உட்கார்ந்திருக்கணும், அதுக்காக. எனக்கு அந்த வேலையில எல்லாம் தெரிஞ்சுடுதுங்க. ரிசல்ட் சீட்டு என் கையிலதான் முதல்ல வருது. வர்றவங்க முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பூட்டுக்காரருக்கு இது புதுச் செய்தி. பதினொரு வருஷத்தில் கேட்டதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பொறாமை" என்றார். "அவன் வந்தா நீ சிரிக்கிறே பாரு, அந்தச் சிரிப்பு. அது எங்கிட்ட வர்றதில்லை. அதான் கத்திட்டேன். நிஜமா அதான்."

"அது எனக்குத் தெரியாதா? நடு சீட்டுல போய் உட்கார்ந்தப்பவே தெரியும்."

"காதைப் பொத்தினியே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஊருக்கே தெரிஞ்சது எனக்குக் கூடாதா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் முகத்திலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. "யாருக்கு யார்மேல பொறாமைன்னு உங்களுக்குத் தெரியவே இல்லைங்க. எனக்குத்தான் உங்கமேல பொறாமை. எரியுது எனக்கு. முதல் பாகத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? இருபது? ஒரு தடவைகூட முதல் தடவை மாதிரி வரலை. உங்களுக்கு அஞ்சும் அப்படியே இருக்கு. பிரிக்காம இருக்கு. அதுல ஒண்ணையாவது காப்பாத்தணுமேன்னுதான் காதைப் பொத்தினேன். நீங்க என்னடான்னா, கண்றாவின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போன ஆளு."

பூட்டுக்காரர் வாழ்க்கையில் எத்தனையோ பேர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார். தன்மேல் ஒருத்தர் பொறாமைப்பட்டு அவர் பார்த்ததில்லை. அதுவும் இவள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மேஜைமேல் இருந்த டிக்கெட்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார், மறுபடி எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கண்றாவின்னு சொன்னது பொய்" என்றார். "பயம். அன்னிக்கு அந்த ஜன்னல்ல தொப்பியைப் பார்த்ததும் எனக்குக் கால் உதறிப்போச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"சொல்லியிருந்தா என்னங்க?" என்றாள் அவள். "பயப்படறவங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்னுதானே போட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடானதும் அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டு முதல் பாகத்தைப் போட்டாள். நெட்டை ஊருக்குப் போயிருந்தான். பூட்டுக்காரர் தலையணை ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலில் தொப்பி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போயிட்டானா?" என்று கேட்டார். "போயிட்டான்" என்றாள். போகவில்லை. அவர் வைத்த அலறலில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

அரை மணிநேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அவள் டி.வி.யைப் பார்க்கவே இல்லை. காலை மடக்கி, இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வரப்போகிற இடத்துக்கு முன்னால் அவள் கண் விரியும். வந்து போனதும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். இவருக்குப் பழைய குணம் எட்டிப் பார்த்தது. "நெட்டை இதைப் பார்த்தப்போ..." என்று ஆரம்பித்தார். "இப்ப அவன் எதுக்கு? பாருங்க" என்றாள்.

கதை முடிகிற இடம் வந்தது. வெளியே மழை, கொட்டகைக்குள் ஒரு பெண், அவளுக்கு எதிரே தரையில் விழுந்து கிடக்கிற வலைத்தொப்பி. அவள் மெதுவாகக் குனிந்து வலையில் கை வைத்தாள். ஊசியக்கா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டாள்.

"யாருங்க?"

"தெரியலை."

"நிஜமாவா? தாழ்ப்பாள், கொண்டி, ஒண்ணும் கண்ணுல படலையா?"

"சத்தியமா தெரியலை. கதவெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. அந்த டாக்டரா? இல்லை, அவங்க அண்ணனா? அந்தப் பால் ஊத்துற பாட்டியம்மாவா இருக்காதே?"

பாட்டியம்மா என்றதும் அவளுக்கு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டியது, சத்தம் போயிற்று, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிய அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பூட்டுக்காரர் தலையணைக்கு மேலாக, நின்றுபோன படத்தை எட்டிப் பார்த்தார்.

"போடேன். யாருன்னு பார்த்துடலாம்" என்றார்.

"போடறேன். அவசரப்படாதீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கொஞ்ச நேரம் இப்படியே இருங்க. தெரியாமலே இருங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு, தெரியாமலே உட்கார்ந்திருந்தார்.